மாடி பாத்ரூம் ஷவரில் வேகமே இல்லை, சோலாரும் இருக்கிறது: எந்த பிரஷர் பம்ப் போடலாம்?

சிறுவாணிக்காரன்:
கோவையில் தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு. மொட்டை மாடியில் 7 அடித் தூண்கள் மேல் 1000 லிட்டர் டேங்க், பக்கத்தில் 200 லிட்டர் டியூப் வகை சோலார். கீழே தண்ணீர் நன்றாக வருகிறது. மாடி பாத்ரூமில் 8 இன்ச் ரெயின் ஷவர் மாட்டியிருக்கிறோம், தலையில் சொட்டுகிற மாதிரிதான் விழுகிறது. கடையில் 1 எச்.பி. பிரஷர் பம்ப் போடச் சொல்கிறார்கள். 120 வாட் மினி பம்ப் போதும் என்கிறார் பிளம்பர். எது சரி?

அழுத்தமானி:
இரண்டு பேரும் அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். பம்ப் வாங்கும் முன் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்.

ஷவர் தலையைக் கழற்றி, பச்சைத் தண்ணீரை மட்டும் முழுசாகத் திறந்து, 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். பிறகு தலையை மாட்டி அதே அளவை எடுங்கள். ஷவர் கையின் திருகில் 0–4 பார் (அழுத்தத்தின் அலகு) கேஜ் ஒன்றை மாட்டி, மற்ற குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

தலை இல்லாதபோதும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்றால் குழாயிலோ வால்விலோ அடைப்பு. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் உப்பும் துருவும் படிந்து உள்விட்டம் பாதியாகியிருந்தால் எந்த பம்பும் அதைச் சரி செய்யாது. தலை இல்லாமல் நன்றாக வந்து, தலை மாட்டியதும் செத்துப் போனால் அதுதான் அழுத்தக் குறைவு. அப்போது மட்டும் பம்ப் பற்றிப் பேசலாம்.

அளப்பதற்கு முன் ஷவர் தலையை ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூள் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள்), அதில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, ரப்பர் துளைகளை விரலால் தேய்த்தால் போதும். டாய்லெட் ஆசிட் வேண்டாம், குரோம் உரிந்துவிடும்.

சிறுவாணிக்காரன்:
அளந்துவிட்டேன் சார். தலை இல்லாமல் 50 நொடி. தலையோடு 2 நிமிடம் 10 நொடி. கேஜ் 0.35 பார். டேங்கிலிருந்து 1 இன்ச் பைப் இறங்குகிறது. அங்கிருந்து மாடி பாத்ரூம் வரை சுமார் 9 மீட்டர், எல்லாம் அரை இன்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்). வீடு கட்டி 6 வருடம்தான் ஆகிறது.

அழுத்தமானி:
நல்லது, இப்போது கணக்குப் போடலாம்.

10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார். உங்கள் டேங்கின் அடிப்பகுதி ஷவருக்கு மேல் 3 மீட்டரும் சொச்சமும் உயரத்தில் இருக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் சேர்த்தால் மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். கேஜும் அதையே காட்டுகிறது. ஆனால் தண்ணீர் ஓடாதபோது எடுத்த இந்த அளவு அடைப்பைக் காட்டாது, அதற்கு ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தலை இல்லாமல் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது, ஆகவே பெரிய அடைப்பு இல்லை. தலை மாட்டினால் நாலரை லிட்டர்தான். 8 இன்ச் ரெயின் ஷவர் ஒழுங்காகப் பொழிய அதன் வாயில் சுமார் 1 பார் வேண்டும், 12 லிட்டர் ஓட வேண்டும்.

அடுத்தது பைப். அரை இன்ச் சிபிவிசியின் உள்விட்டம் ஏறக்குறைய 12.4 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது ஒவ்வொரு மீட்டர் பைப்பும் 19 சென்டிமீட்டர் ஹெட்டை (தண்ணீர் உயரமாகச் சொல்லும் அழுத்தம்) தின்றுவிடும். 12 லிட்டர் என்றால் 27 சென்டிமீட்டர். 9 மீட்டருக்கு அதுவே 2.4 மீட்டர் ஆகிறது. இதே முக்கால் இன்ச்சாக இருந்திருந்தால் 10 லிட்டருக்கு மீட்டருக்கு 3 சென்டிமீட்டர்தான் போயிருக்கும். புதிதாக வீடு கட்டுபவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். பாத்ரூம் சுவர் வரை முக்கால் இன்ச்சில் கொண்டுவந்து, மிக்ஸருக்கு (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) போகும் கடைசி ஒன்றிரண்டு அடியை மட்டும் அரை இன்ச் ஆக்கினால் பல வீடுகளுக்குப் பம்பே தேவைப்படாது. சாதாரண 4 இன்ச் ஷவர் அதிலேயே நன்றாக ஓடும்.

உங்களுக்கு வேண்டியது: ஷவர் வாயில் 10 மீட்டர், பைப்பில் போவது 2.4, எல்போ, கன்சீல்டு (சுவருக்குள் பதித்த) வால்வு, மிக்ஸர், வாஷ்பேசினும் சேர்ந்து ஓடும்போது கூடும் இழப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 3. மொத்தம் பதினைந்தரை. டேங்க் உயரம் தருகிற 3 மீட்டரைக் கழித்தால் பம்ப் தர வேண்டியது 12 முதல் 13 மீட்டர். அந்தச் சமயத்தில் ஓட்டம் 18 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷவருக்கு 12, வாஷ்பேசின் குழாய்க்கு 6. தரைத்தளத்தை இந்தப் பம்பில் சேர்க்கவே வேண்டாம். அங்கே ஏற்கெனவே 0.6 பாருக்கு மேல் இருக்கிறது.

நொய்யல்_பிளம்பிங்:
கணக்கு சரிங்க. ஆனா பெட்டியில போட்டிருக்கிற நம்பரை எப்படிப் படிக்கணும்னு சொல்லாம விட்டா மறுபடியும் ஏமாந்துதான் வருவாங்க.

"மேக்ஸ் ஹெட் 9 மீட்டர், மேக்ஸ் ஃப்ளோ 25 லிட்டர்"னு மினி பம்ப் பெட்டியில இருக்கும். ரெண்டும் ஒண்ணா வராதுங்க. 9 மீட்டர்ங்கிறது தண்ணியே ஓடாதப்ப. 25 லிட்டர்ங்கிறது எதிர்ப்பே இல்லாதப்ப. 12 லிட்டர் ஓடுறப்ப அது ஏழு மீட்டர் ஒட்டித்தான் தரும். உங்க டேங்க்கோட 3 மீட்டரைச் சேர்த்து, ஷவர் மட்டும் ஓடுறப்ப பைப்புல போற மூணரையைக் கழிச்சா ஷவர் வாயில முக்கால் பார்கூட இருக்காது. ஹேண்ட் ஷவருக்கும் 4 இன்ச் தலைக்கும் அது தாராளம். ரெயின் ஷவருக்குப் பத்தாது.

கடைக்காரர் சொன்ன 1 எச்.பி. ரொம்ப அதிகம். அரை எச்.பி. பெரிபெரல் பம்ப் (செல்ஃப் பிரைமிங்னு விப்பாங்க) மேக்ஸ் ஹெட் 35 மீட்டர், மேக்ஸ் ஃப்ளோ 35 லிட்டர்னு இருக்கும். ஓட்டம் கூடக் கூட ஹெட் குறையறதைக் காட்டுற வளைவு இந்த வகையில கிட்டத்தட்ட நேர்கோடா இறங்கும், 18 லிட்டர்ல 17 மீட்டர் கிடைக்கும். ஹெட் கணக்குக்கு இதுவே போதும். ஆனா சத்தம் கீச்சுனு வரும். இம்பெல்லருக்கும் (உள்ள சுத்துற சக்கரம்) கேசிங்குக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி, டேங்க் அடியில கிடக்கிற மணல் ஒரு வருசத்துல தேய்ச்சு விட்டுரும். சக்ஷன்ல (தண்ணி உள்ள வர்ற பக்கம்) ஒய் ஸ்ட்ரெய்னர்ங்கிற வடிகட்டி கட்டாயம் போடணும்.

மினி வகையிலயே பெரிசு இருக்குதுங்க, 12–15 மீட்டர் ஹெட், 250 வாட் ஒட்டி. சத்தம் கம்மி, சீலே கிடையாது, தண்ணிதான் பேரிங்குக்கு லூப்ரிகேஷன். ஆனா கட்டி முடிக்கறப்ப ரெண்டு விசயம் பாக்கணும். மோட்டார் ஷாஃப்ட் எப்பவும் படுக்கையா இருக்கணும். செங்குத்தா மாட்டினா பேரிங்ல காத்து தங்கி வறண்டு போயிரும். அதே மாதிரி முதல் தடவை ஓட்டுறப்ப நடுவுல இருக்கிற பெரிய ஸ்க்ரூவை லேசாத் தளர்த்தி, காத்து போய்த் தண்ணி கசியிற வரைக்கும் விடணும்.

கதிர்_வெந்நீர்:
சோலாரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. இந்த வீட்டில் பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

டியூப் வகை சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்காது. மேலே ஏர் வென்ட் திறந்தே இருக்கும், உள் டேங்க் மெல்லிய தகடு, டியூப் நுழைகிற இடத்தில் வெறும் ரப்பர் வளையம். அதன் உள்வழியில் பம்ப் தண்ணீரைக் கொடுத்தால் வென்ட் வழியாக மொட்டை மாடியெல்லாம் கொட்டும். வென்ட்டை அடைத்துவிட்டால் டியூப் ரப்பர்கள் பிதுங்கும், டேங்க்கே வீங்கிவிடும். அதை எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள்.

"அப்படியென்றால் பச்சைத் தண்ணீரில் மட்டும் பம்ப் போடுகிறோம்" என்று பலரும் செய்கிறார்கள். அதுவும் தப்பு. மிக்ஸருக்குள் பச்சைத் தண்ணீர் ஒன்றரை பாரில் வருகிறது, சுடுதண்ணீர் 0.35 பாரில் வருகிறது. அழுத்தம் கூடின பக்கம் மற்றதைத் தள்ளிவிடும். ஷவரில் குளிர்ந்த தண்ணீர்தான் வரும், சுடுதண்ணீர் லைனிலோ பச்சைத் தண்ணீர் பின்னோக்கி ஏறி சோலார் டேங்க்குக்குள் போய், வென்ட் வழியாக வழியும். காலையில் டேங்க் நிரப்பினால் மாலைக்குள் காலியாகிறது, எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று புலம்பும் வீடுகளில் இதையும் பாருங்கள்.

சரியான வழி: இரண்டு பம்ப், ஒரே மாடல். ஒன்று பச்சைத் தண்ணீர் லைனில், இன்னொன்று சோலாரின் வெளிவழியில். இரண்டுக்கும் பிறகு ஆளுக்கொரு என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு). சுடுதண்ணீர்ப் பக்கம் போவது வெந்நீருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், பெயர்ப்பலகையில் திரவ வெப்பநிலை 110 டிகிரி என்றிருக்கும். பல பிரஷர் பம்புகளின் எல்லை 60 டிகிரிதான். கோடையில் யாரும் வெந்நீர் எடுக்காமல் இரண்டு நாள் விட்டால் சோலார் டேங்க்கில் 80 டிகிரி தாண்டும், சீலும் ஃப்ளோ ஸ்விட்சின் (தண்ணீர் ஓடுவதை உணர்ந்து பம்பை ஆன் செய்வது) பிளாஸ்டிக் பாகமும் அதைத் தாங்காது. ஆகவே பெரிபெரல் வகையை இங்கே விட்டுவிடுங்கள். நொய்யல் அண்ணன் சொன்ன பெரிய மினி வகையில் வெந்நீருக்கு ஏற்றதாக இரண்டு எடுங்கள்.

இன்னொன்று: சோலாருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் பைப் 1 இன்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது அரை இன்ச்சாக இருந்தால், பம்ப் இழுக்கிற வேகத்துக்குத் தண்ணீர் வந்து சேராமல் வென்ட் வழியாகக் காற்றை உறிஞ்சும். ஷவர் திக்கித் திக்கி வரும். பம்ப் மேல் பழி விழும்.

சிறுவாணிக்காரன்:
சோலார் உள்வழி முக்கால் இன்ச், 2 மீட்டர் நீளம். வெளிவழியும் முக்கால்தான். இரண்டு பம்ப் என்றால் செலவு இரட்டிப்பாகுமே. 24 லிட்டர் பிரஷர் டேங்க்கோடு ஒரே பம்ப் என்று கடையில் சொன்னது உதவாதா?

கதிர்_வெந்நீர்:
முக்கால் இன்ச்சில் 2 மீட்டர் என்றால் உங்கள் ஓட்டத்துக்குப் போதும். 1 இன்ச் என்று சொன்னது நீளம் கூடினால்தான்.

ஒரே பம்ப் போடவே கூடாது என்றில்லை. சோலாரை மாடி பாத்ரூமிலிருந்து விலக்கி அங்கே கீசர் மட்டும் வைத்தால், ஒரு பம்ப் பச்சைத் தண்ணீர் லைனுக்கும் கீசர் உள்வழிக்கும் சேர்த்துக் கொடுக்கும். அழுத்தம் இரண்டு பக்கமும் சமம். சோலார் தரைத்தளத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஸ்டோரேஜ் கீசரின் பலகையில் எத்தனை பார் என்று பாருங்கள். 6.5 அல்லது 8 பார் என்றிருந்தால் இந்தப் பம்பெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நொய்யல்_பிளம்பிங்:
பிரஷர் டேங்க் கெட்டதில்லைங்க, ஆனா அதை யாருமே பராமரிக்கறதில்லை. கம்பெனியில இருந்து வரும்போது ஸ்விட்ச் 1.4 பார்ல ஆன், 2.8 பார்ல ஆஃப்னு இருக்கும். அதுக்கு டேங்க் உள்ள காத்து 1.2 பார் (டயர் கேஜ்ல 17) இருக்கணும். அப்படி இருந்தா 24 லிட்டர் டேங்க்ல மோட்டார் ஓடாமலே எடுக்கக்கூடிய தண்ணி 8 லிட்டர்தான். காத்து இறங்கிருச்சுன்னா அந்த 8 லிட்டரும் போயி, குழாயைத் திறந்ததும் மோட்டார் டக் டக்குனு ஆன் ஆஃப் ஆகும். ஸ்விட்ச் காண்டாக்ட் கருகும், கெபாசிட்டர் போகும்.

காத்துப் பாக்கறதுக்கு மோட்டாரை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தம் முழுக்க இறங்கின பின்னால பாக்கணும். தண்ணி நிக்கறப்ப பாத்தா தப்பான நம்பர்தான் காட்டும். வால்வு ஊசியை அமுக்கினா தண்ணி வந்துச்சுன்னா உள்ள பை கிழிஞ்சிருச்சு.

யாரும் குழாயைத் திறக்காமலே ராத்திரி மோட்டார் ஓடுதுன்னா, பம்ப்புக்கு அடுத்த பால் வால்வை மூடிப் பாருங்க. நின்னுட்டா வீட்டுக்குள்ள கசிவு, பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க் இல்லன்னா ஹெல்த் ஃபாசெட். மூடின பின்னாலயும் ஓடுனா என்ஆர்வி பிடிக்கலைனு அர்த்தம்.

பொருநை_வீடு:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் டேங்க் தூண் இல்லாமல் மொட்டை மாடித் தளத்திலேயே இருக்கிறது. ஃப்ளோ ஸ்விட்ச் உள்ள மினி பம்ப் மாட்டினார்கள். டேங்க் நிறைந்திருந்தால் ஓடுகிறது, கால் டேங்க் ஆனால் ஷவரைத் திறந்தாலும் ஆன் ஆவதே இல்லை. கீழ்க் குழாயைத் திறந்தால் ஆன் ஆகிறது. பம்ப் பழுதா?

அழுத்தமானி:
பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃப்ளோ ஸ்விட்ச் வேலை செய்ய முதலில் தானாகவே கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டராவது. உங்கள் வீட்டில் டேங்க் அடிக்கும் ஷவருக்கும் 1 மீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். மட்டம் இறங்கியதும் ஷவர் தலை வழியாக அந்த ஓட்டம்கூட வருவதில்லை. கீழ்க் குழாய் தாழ்வாக இருப்பதால் அங்கே ஓடுகிறது.

முதலில் ஃப்ளோ ஸ்விட்சைக் கழற்றி உள்ளே உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரில் காந்தத் துடுப்பு ஒட்டிக்கொள்ளும், சிட்ரிக் ஆசிட் கரைசலில் கழுவினால் சரியாகும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் அழுத்தத்தைப் பார்த்து ஆன் ஆகிற வகைக்கு மாற வேண்டும். அதிலும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். பொதுவாக அது 1.5 பாருக்குக் கீழே இறங்கினால் பம்பை ஓட்டும், ஓட்டம் நின்றால் நிறுத்தும். பம்பின் உச்ச அழுத்தம் அதைவிட 0.8 பாராவது கூட இருக்க வேண்டும், அதாவது மேக்ஸ் ஹெட் 23 மீட்டருக்குக் குறையக் கூடாது. 9 மீட்டர் மினி பம்போடு அதைச் சேர்த்தால் ஒழுங்காக நிற்காது.

டேங்கை உயர்த்தலாமா என்றும் கேட்பார்கள். 2 மீட்டர் உயர்த்தினால் 0.2 பார் கூடும், ஃப்ளோ ஸ்விட்சுக்கு அது போதும். ஆனால் நிறைந்த 1000 லிட்டர் டேங்க் ஒரு டன்னுக்கு மேல். தூண்கள் கீழே பீம் வருகிற இடத்தில் நிற்க வேண்டும், நடு ஸ்லாப் மேல் நிறுத்தக் கூடாது.

மின்பெட்டி:
வயரிங் பக்கம். பம்புக்குத் தனி எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் பிரேக்கர்), 6 ஆம்ப் சி வகை. அந்த லைன் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வழியாக வருவது கட்டாயம். மொட்டை மாடியில் ஈரம், ஷவரில் நிற்பவரின் உடம்பும் ஈரம், பம்ப் தண்ணீர் இரண்டையும் தொடுகிறது. எர்த் கம்பி உண்மையிலேயே எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்று சோதியுங்கள், பிளக்கில் மூன்று முனை இருப்பதால் மட்டும் நம்ப வேண்டாம்.

மழைக்கு மூடி போடுங்கள், ஆனால் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அடைக்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்க நினைத்தால் 250 வாட் மினியைச் சைன் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். ஸ்கொயர் வேவில் உறுமும், சூடாகும். அரை எச்.பி. மோட்டார் கிளம்பும்போது நான்கைந்து மடங்கு கரன்ட் இழுப்பதால் சிறிய இன்வெர்ட்டர் டிரிப் ஆகும்.

டேங்கில் தண்ணீர் தீர்ந்தபின் ஓடக் கூடாது. ஃப்ளோ ஸ்விட்ச் உள்ளதில் ஓட்டம் நின்றால் தானே நிற்கும். ஆனால் பம்பின் பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், மேனுவலில் விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சிறுவாணிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சோலார் வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், ஆக இரண்டு பம்ப்தான். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் பிளம்பரிடம் கொடுக்க எழுதிய வரிசை இது: டேங்க், 1 இன்ச் பால் வால்வு, இப்போதுள்ள ஏர் வென்ட் பைப், கீழ்த்தளத்துக்குப் பிரியும் டீ, பம்ப், யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), மாடி பாத்ரூம். சுடுதண்ணீர்ப் பக்கமும் அப்படியே. சரிதானா?

நொய்யல்_பிளம்பிங்:
நாலு திருத்தம் இருக்குதுங்க.

ஏர் வென்ட் பம்ப்புக்கு முன்னால இருக்கறது ரொம்பச் சரி. ஆனா மாடி பாத்ரூம் லைன்ல வேற எங்கயாவது இன்னொரு வென்ட் மேல ஏத்தி விட்டிருக்காங்களான்னு தேடிப் பாருங்க, நம்ம ஊர்ல அது வழக்கம். பம்ப்புக்குப் பின்னால அப்படி ஒண்ணு இருந்தா ஆன் பண்ணதும் ஊத்து மாதிரி அடிக்கும். அதை மட்டும் எண்ட் கேப் போட்டு மூடணும்.

யூனியன் ரெண்டு பக்கமும் வேணும், ரெண்டு பக்கமும் பால் வால்வு வேணும். இல்லாட்டிப் பம்பைக் கழட்ட டேங்கையே காலி பண்ண வேண்டி வரும். பம்ப்புக்கு முன்னால ஒய் ஸ்ட்ரெய்னர், உள்ள இருக்கிற சல்லடையை வெளிய எடுக்கற மாதிரி மூடி கீழ்ப்பக்கம் பாக்க இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா கழுவுங்க.

மூணாவது, பைபாஸ். ரெண்டு டீ போட்டு பம்ப்புக்கு இணையா ஒரு முக்கால் இன்ச் லைன், அதுல என்ஆர்வி. கரன்ட் போனாலும் பழைய வேகத்துலயாவது தண்ணி வரும், பம்ப் ஓடறப்ப தண்ணி சுத்திச் சுத்தி வராம என்ஆர்வி தடுக்கும். ஸ்ப்ரிங் வகை வாங்காதீங்க, இருக்கிற 3 மீட்டர்ல கொஞ்சத்தை ஸ்ப்ரிங்கைத் திறக்கவே செலவு பண்ணும். பித்தளை ஃப்ளாப் வகை வாங்கி, பைப்பைப் படுக்கையா வெச்சு, அம்புக்குறி பார்த்து மாட்டுங்க. சோலார் பக்கமும் இதேதான், அங்க பைப் சிபிவிசியாவே இருக்கணும், யுபிவிசி சுடுதண்ணிக்கு வளைஞ்சிரும்.

கடைசியா கதிர் சொன்ன என்ஆர்வி உங்க வரிசையில விட்டுப்போச்சு. ரெண்டு லைன்லயும் பம்ப்பும் பைபாஸும் சேர்ற டீக்கு அப்புறம், பாத்ரூமுக்குப் போற பக்கம் ஒண்ணு ஒண்ணு. டீக்கு முன்னால மாட்டினா பைபாஸ் வழியா எதிர்த் தண்ணி ஏறிரும்னு பயப்பட வேண்டாம், அங்கயும் ஃப்ளாப் இருக்கு. ஆனா ஒரே ஃப்ளாப்ல உப்புப் படிஞ்சு பிடிக்காமப் போனா உடனே சோலார் வென்ட் வழிய ஆரம்பிக்கும், அதனாலதான் டீக்கு அப்புறம் வைக்கச் சொல்றது.

கதிர்_வெந்நீர்:
வேலை முடிந்ததும் ஒரு சோதனை. மிக்ஸர் லீவரைத் திறந்து நடுவில் வைத்து, ஹேண்ட் ஷவரின் பட்டனை மட்டும் மூடி, பச்சைத் தண்ணீர் பம்பை மேனுவலில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஓட்டம் இல்லாமல் பம்ப் சூடாகும். அந்த நேரத்தில் ஒருவர் மேலே நின்று சோலார் வென்ட்டைப் பார்க்கட்டும். ஒரு சொட்டும் வரக் கூடாது. சுடுதண்ணீர்க் குழாயை பம்ப் பக்கத்தில் தொட்டுப் பார்த்தால் திடீரென்று குளிரக் கூடாது. குளிர்ந்தால் அந்த என்ஆர்வியைக் கழற்றி ஃப்ளாப் இருக்கையில் டெஃப்லான் டேப் துணுக்கோ சிபிவிசி சீவலோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புது லைனில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். சோதனை முடிந்ததும் ஸ்விட்சை ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள்.